மருத மரத்துப் பொந்தில் குடியிருப்பவர்கள்

இதை யாருக்கும் காட்டாதே, ஐயா. உன் அப்பாவுக்கும் காட்டாதே, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. உன் தாத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, கண்டிப்பாகக் காட்டாதே. நான் உயிரோடு இருந்தால் என்னிடம் மட்டும் வந்து, படித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல். அதற்கு மேல் எதுவும் கேட்காதே. படித்து முடித்ததும் தண்ணீரில் ஊறப்போட்டுக் கரைத்துவிடு. அடுப்பில் மட்டும் போடாதே. இந்தத் தாளின் ஓரத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு கட்டைவிரல் தடம் இருக்கும். அது என்னுடையது. அந்த வெள்ளி, வெடிமருந்தில் கலக்கிற பவுடர். எத்தனை தடவை கழுவினாலும் போகவில்லை. அதனால் இந்தத் தாளை நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினான்கு வயதுதான் ஆகிறது, ஒன்பதாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறைக்குத் தமிழ் டீச்சர் ஒரு கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். நாம் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு, வெளியூருக்கு வேலைக்குப் போகும் மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். நான் அதை முதல் நாளே ஒன்றரைப் பக்கம் எழுதி முடித்துவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, கெட்டவர்களோடு சேராதே, வாரம் ஒரு முறை போன் செய் என்று எல்லாரும் எழுதுவதைத்தான் எழுதினேன். டீச்சர் அதைப் படித்து 'நன்று' போடுவார்கள். அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில் இப்போது எழுதிக்கொண்டிருப்பதுதான் உனக்கு நான் எழுதுகிற உண்மையான கடிதம். மகள் என்று நினைத்துக்கொள்ளாமல் மகன் என்றே நினைத்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் வெடியைக் கையில் கொடுத்துப் போட்டுவிட்டு வா என்று சொல்வது ஆண்பிள்ளைகளிடம்தான். உன்னிடமும் ஒருநாள் யாராவது சொல்வார்கள்.

நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருக்கிறேன். சிம்னி விளக்கை ஏற்றவில்லை. டார்ச் லைட்டை ஒரு டம்ளருக்குள் சாய்த்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். முன்னறைக் கட்டிலில் அப்பா தூங்குகிறார். அம்மா இருந்தால் அம்மாவை எழுப்பிச் சொல்லியிருப்பேன். சித்திக்குப் பிரசவம் என்று போன வாரம் சாத்தூருக்குப் போன அம்மா, பொங்கலுக்கு முன்னால் வரமாட்டாள். இந்த அடுப்பங்கரைக்குப் பின்கதவு இருக்கிறது. அதற்கு வெளியே பத்தடி தள்ளித் துவைக்கிற கல். அந்தக் கல்லின் மேல் ஒரு பொட்டலம் இருக்கிறது. அதை நான்தான் வைத்தேன். மார்கழி மாதம் என்பதால் நாலரை மணிக்குக் கோயிலில் மைக் செட் போடுவார்கள். அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து பின்கதவைத் திறந்து, பல் விளக்க நேராக அந்தக் கல்லுக்குத்தான் போவார். அதற்குள் நான் அவரை எழுப்பி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். மூன்று முறை முன்னறை நிலை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். முதலில் எழுதிப் பார்த்தால் சொல்ல வாய் வரும் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர் வெம்பக்கோட்டை அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுனாமி வந்ததற்கு அடுத்த வருட மழையில் வைப்பாற்றில் தண்ணீர் வந்து அணை நிறைந்தது. எனக்கு விவரம் தெரிந்து அத்தனை தண்ணீரைப் பார்த்ததில்லை. அந்தத் தண்ணீரோடு மேற்கே மலைப் பக்கத்திலிருந்து இவர்களும் வந்திருக்க வேண்டும். முதலில் யாருக்கும் இவர்கள் யாரென்று தெரியவில்லை. கீரி என்றார்கள், முதலைக் குட்டி என்றார்கள். அறிவியல் புத்தகத்தில் நீர்நாய் என்று படம் பார்த்து நான்தான் வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு இவர்கள் மேல் முதலில் வந்தது கோபம். ஆற்றுக்கரையில் அம்மா வழக்கமாகத் துணி துவைக்கிற சரிவான கல் ஒன்று உண்டு. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் அந்தக் கல் முழுக்கக் கறுப்பாக, மீன் செதிலாக, ஒரே கவிச்சியாக அசிங்கம் பண்ணி வைத்திருந்தது. அம்மா தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மறுநாளும் அதே இடத்தில் அதே கவிச்சி. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். நடு ஆற்றைப் பார்த்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அம்மா சத்தம் போட்டாள்: "ஏ நாயே, அம்புட்டு ஆறு கெடக்கு, ஒனக்கு வேற கல்லே கெடைக்கலயா? நாளைக்கு என் சேலையவும் நீயே தொவச்சுப் போட்ருதியா?" கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் நான்காம் நாள் அம்மா தன் சோப்பு டப்பாவையும் வாளியையும் எடுத்துக்கொண்டு இருபது அடி மேலே வேறொரு கல்லுக்குப் போய்விட்டாள். "போ, அது ஒன் கல்லுனு வச்சுக்க" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் யாரும் அந்தக் கல்லில் துணியை வைப்பதில்லை. இவர்களும் அம்மாவின் புதுக் கல்லுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமலே அப்படி நடந்துவிட்டது. இன்று அதை நினைத்தால் எனக்கு அழுகை வருகிறது. பக்கத்தில் வாழ்வதற்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது, ஐயா. இருபது அடி தள்ளிப் போவது.

அப்பாவைப் பற்றி நீ தப்பாக நினைத்துவிடக் கூடாது. அப்பா பட்டாசு கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்க்கிறார். தீபாவளி சீசனில் அவர் வீட்டுக்கு வரும்போது காதுமடல், புருவம், கால் நகம் எல்லாம் வெள்ளியாக இருக்கும். எங்கள் வீட்டு டம்ளர்களில் அப்பா குடிக்கும் டம்ளர் எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தீபாவளி முடிந்து மழை பிடித்ததும் கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை இருக்கும். மற்ற நாட்களில் அம்மாவும் நானும் வீட்டில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுவோம். அப்பாவுக்கு அந்த வேலை ஓடாது, எழுந்து ஆற்றுப் பக்கம் போய்விடுவார். அப்படி ஒரு சாயங்காலம் என்னையும் கூட்டிக்கொண்டு போனபோதுதான் பெரிய நீர்நாயை நாங்கள் சரியாகப் பார்த்தோம். அது கரையில் பின்னங்கால்களில் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, இடம் வலம் பார்த்தது. தண்ணீரில் மற்ற நாலைந்து பேரும் மீனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா என் தோளை அமுக்கிக் கீழே உட்காரவைத்துவிட்டு, சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பாரு தாயி, அப்படியே எங்க போர்மேன். வேல பாக்கது பூராம் மத்தவுக. இவரு நின்னு மேப்பாத்துட்டுப் போவாரு." அன்றிலிருந்து அது போர்மேன். சாப்பிடும்போது அப்பா கேட்பார்: "இன்னைக்கு போர்மேன் டூட்டிக்கு வந்தாகளா?" நானும், "வந்தாக. ஒரு கெளுத்திய முழுசா வாய்ல வச்சுக்கிட்டே எல்லாரையும் வஞ்சாக" என்பேன். அப்பா அப்படிச் சிரித்து நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை.

அதன் பிறகு நான் தனியாகவும் போக ஆரம்பித்தேன். போய்ப் போய்த்தான் சில விஷயங்கள் தெரிந்தன. அவற்றை உனக்கு எழுதிவைக்கிறேன், நீ எந்த ஊரில் எந்த ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தாலும் உதவும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் ஆறு இவர்களுடையது, அப்போது நீ தண்ணீரில் இறங்காதே. விசில் போல ஒரு கீச்சுச் சத்தம் கேட்டால் அது உன்னைக் கூப்பிடுவதல்ல. நீ வந்திருக்கிறாய் என்று மற்றவர்களுக்குச் சொல்வது. அப்போது முன்னால் ஓர் அடிகூட வைக்காமல் வந்த வழியே திரும்பி நட. உன் பின்னால் தெருநாய் வந்தால் அன்றைக்குப் பார்க்கவே வேண்டாம், வீட்டுக்குப் போ. ஒரு தடவை எங்கள் தெருச் செவலை நாய் என் பின்னால் வந்துவிட்டது. அது தண்ணீருக்குள் பாய்ந்ததும் நீர்நாய்கள் எல்லாரும் வட்டமாகச் சூழ்ந்துகொண்டு உறுமினார்கள். செவலை காதில் ரத்தத்தோடு ஓடியது. நான் நாயைத்தான் திட்டினேன். கூட்டிக்கொண்டு போனது நான் என்பதை அப்போது யோசிக்கவில்லை. நான் செய்த தப்புகளிலேயே அதுதான் சின்னது.

கார்த்திகை கடைசியில் குட்டிகள் வெளியே வந்தன. மூன்று குட்டிகள். ஆறு அணைக்குள் சேருகிற இடத்தில் ஒரு பழைய மருத மரம் இருக்கிறது. அதன் வேர்கள் கரையிலிருந்து தண்ணீருக்குள் விரல் விரலாக இறங்கியிருக்கும். அந்த விரல்களுக்கு நடுவில் இருந்த பொந்திலிருந்துதான் தாய் ஒவ்வொன்றையும் பிடரியில் கவ்விக்கொண்டு வந்து தண்ணீரில் போட்டது. குட்டிகளுக்கு நீந்தத் தெரியாது என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அவை கத்திக்கொண்டு கரையேறப் பார்த்தன, தாய் மறுபடி மறுபடி இழுத்துப் போட்டது. அதில் ஒரு குட்டி மட்டும் எப்போதும் கடைசியில் வரும், கரையிலேயே உட்கார்ந்துகொள்ளும். நான் அதன் மேல் ஆசை வைத்துவிட்டேன். கரையில் மீன்காரர்கள் வலையை உதறுகிற இடத்தில், விலைபோகாத பொடி மீன்களைக் கழித்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதை ஒரு கேரி பேக்கில் பொறுக்கி, அந்தக் குட்டிக்கு ஒவ்வொன்றாக எறிந்தேன். நாலைந்து நாளில், கேரி பேக்கைக் கசக்கினால் அந்தச் சத்தத்துக்கே மூன்று குட்டிகளும் ஓடிவர ஆரம்பித்தன. அம்மா துணி துவைத்துக்கொண்டே அதைப் பார்த்துவிட்டாள். "ஏ புள்ள, அது தேடித் திங்கப் பழகுதப்ப நீ எதுக்கு நடுவுல போய் ஊட்டுத?" என்றாள். நான் அம்மாவுக்குத் தெரியாமல் எறிய இடம் தேடினேன். வலை உதறுகிற இடமே நல்ல இடமாக இருந்தது, ஆட்கள் போனபின் அங்கே யாரும் வருவதில்லை. குட்டிகள் அங்கே பழகின. தாயும் அவற்றின் பின்னால் வந்தது. பிறகு போர்மேனும் வந்தார். மனிதர்கள் நிற்கும் இடத்தில் மீன் கிடைக்கும் என்பதை அந்தக் குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், ஐயா. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வலைகளைச் சாயங்காலம் கட்டி, விடியற்காலையில் எடுப்பார்கள். அதற்கு முன்பும் எப்போதாவது ஒரு வலையில் ஒரு ஓட்டை இருந்திருக்கலாம். ஆனால் மார்கழி பிறந்த பிறகு தினமும் வலை கிழிந்தது. அணை மீனைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரை ஊரில் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். போன ஞாயிற்றுக்கிழமை அவர் கிழிந்த வலை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் வாசலில் அந்த வலையை விரித்துக் காட்டினார். ஓட்டை வழியாக எங்கள் வீட்டுக் கோழி உள்ளே போய் வெளியே வந்தது.

"அடுத்த மாசத்துலருந்து கரையில காவலுக்கு ஒரு ஆளு வேணும்னு சொல்லிருந்தேன்ல? ஒன்னத்தான் நெனச்சு வச்சிருக்கேன். வருசம் பூராம் வேல. மருந்து ரூமுக்குள்ள நீ ஏன் கெடந்து சாகணும்?" என்றார்.

"நல்லது அண்ணாச்சி. ஒங்க புண்ணியம்," என்றார் அப்பா.

"ஆனா அதுக்கு முன்னால இந்தச் சனியனுகள ஒழிக்கணும். எங்கனயோ பொந்து வச்சிருக்குதுக. அதுக்குள்ள ஒண்ணு போட்டா முடிஞ்சிரும்."

"பாவம் அண்ணாச்சி. குட்டியோட கெடக்கு."

"குட்டியோட கெடந்தா ரொம்ப நல்லதாப் போச்சு. ஒரே வேலையா முடிஞ்சிரும். ஏலே, நீ மருந்து ரூம்காரன். ஒனக்கு நான் வந்து சொல்லித் தரணுமாக்கும்?"

அப்பா தலையைக் குனிந்து, வலையின் கிழிந்த ஓரத்தை விரலால் ஒன்றுசேர்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலைய ராத்திரி போடாம, பகல்ல போட்டு பொழுதடைய எடுத்துட்டா கிழிக்காதுக அண்ணாச்சி. நான் காவலுக்கு வந்தா அப்படிப் பாத்துக்கிடுதேன்," என்றார். அண்ணாச்சி சிரித்தார். "மீனு ஒன் நேரத்துக்கு வருமா? வியாழக்கெழம விடிய நான் கரைக்கு வருவேன். வேல முடிஞ்சிருக்கணும். இல்லைன்னா வேற ஆளு இருக்கு," என்று சொல்லி வலையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார். நாளைக்கு வியாழக்கிழமை.

அந்த வாசலில் நான் வெளியே வந்து, மீன் போட்டுப் பழக்கியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அண்ணாச்சி கத்தியிருப்பார், அப்பா என்னைத் திட்டியிருப்பார், அவ்வளவோடு போயிருக்கும். நான் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மறுநாள் அப்பா குழாய்க் கட்டுகளை அடுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "தாயி, அதுக எங்கன அடையுதுனு ஒனக்குத் தெரியும்லா?" தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் செய்ததை மறைத்துக்கொண்டிருந்த பயத்தில், அப்பா எது கேட்டாலும் நல்ல பிள்ளையாகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. மருத மரத்து வேர், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, இடது பக்கம் என்று சொன்னேன். பரீட்சையில் எழுதுவது போலச் சொன்னேன். அப்பா "ம்" என்றார். அன்று இரவு அவர் போர்மேனைப் பற்றிக் கேட்கவில்லை.

இன்று காலை அப்பா கம்பெனிக்குப் போனபின் பரணிலிருந்து முறத்தை எடுக்க ஏறினேன். முறத்துக்குப் பின்னால் பழைய சாக்கில் சுற்றிய பொட்டலம் இருந்தது. தேங்காய் அளவு இருக்கும், சணல் சுற்றி, திரி வைத்து. பிறந்ததிலிருந்து இதே ஊரில் இருக்கிறேன், அது என்னவென்று எனக்குத் தெரியாதா? என் கை இரண்டிலும் வெள்ளி ஒட்டியது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடிப்போய் ஆற்றில் எறிந்திருக்க வேண்டும். ஆனால் பட்டப்பகலில் தெரு வழியாக எப்படிக் கொண்டுபோவது? காணாமல் போனால் அப்பா வேறொன்று கட்டிவிடமாட்டாரா? பொட்டலம் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஆனால் வெடிக்கக் கூடாது என்று கணக்குப் போட்டேன். தெருவில் சின்னப் பிள்ளைகள்கூட நமுத்துப்போன வெடி வெடிக்காது என்று சொல்வார்கள். தொட்டி காய்ந்து கிடந்தது, எங்கள் தெருவுக்கு நாளைக்குத்தான் குழாயில் தண்ணீர் விடுவார்கள். குடிக்கிற குடத்திலிருந்து ஒரு செம்பு எடுத்து, சணலுக்கு மேலே சுற்றி வர ஊற்றினேன். ஈரம் உள்ளே இறங்கியதும் வெளியே துணியால் துடைத்தேன். பழையபடி சாக்கில் சுற்றி முறத்துக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்கு அப்பா திரியைக் கொளுத்துவார், புஸ் என்று அணைந்துவிடும், அண்ணாச்சிக்கு முன்னால் அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், குட்டிகள் பிழைத்துவிடும். எனக்கு என் புத்தியை நினைத்துச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ராத்திரி அப்பாவுக்குச் சோறு போட்டு நானும் உட்கார்ந்தேன். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறேனா என்று உறுதி பண்ணிக்கொள்ள ஆசை. சும்மா கேட்பது போல, "ஏம்ப்பா, மருந்து நனஞ்சு போனா வெடிக்காதுல்ல?" என்று கேட்டேன்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "முழுசா தண்ணிக்குள்ள முக்கிப் போட்டா செத்துப்போவும். அரகொறயா நனைஞ்சதுதான் சனியன். உள்ளுக்குள்ளயே புழுங்கிச் சூடாகும். தீயே வேண்டாம், அதுவா எந்திரிச்சு வெடிச்சிரும். மழ பெஞ்ச மறுநா எங்க ரூம் கதவ யாரும் சட்டுனு தொறக்கமாட்டோம், தெரியுமா? தொட்டுப் பாத்துட்டுத்தான் தொறப்போம்." அப்புறம் நிமிர்ந்து, "எதுக்குக் கேக்க?" என்றார்.

"பள்ளிக்கூடத்துல ப்ராஜெக்ட்" என்றேன். தட்டில் இருந்த என் கையை அவர் பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நகக்கண்களில் வெள்ளி இருந்தது. "ஒங்க டீச்சரு கேக்க கேள்வியப் பாரு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். தாளம் போடுவது போல மழைத்தூறல் ஓட்டின் மேல் விழ ஆரம்பித்தது. பரணுக்கு நேர் கீழேதான் அப்பாவின் கட்டில்.

அவர் குறட்டை விடும் வரைக்கும் காத்திருந்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறிக் கையை நீட்டினேன். சாக்கு வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல் வந்த பிள்ளையின் நெற்றியைத் தொட்டது போல இருந்தது. நான் எப்படி இறங்கினேன், எப்படிப் பின்கதவைத் திறந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. துவைக்கிற கல்லின் மேல் அதை வைத்துவிட்டு உள்ளே ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். தூறல் இப்போது நின்றுவிட்டது. அந்தத் தூறல் அதை இன்னும் கொஞ்சம் நனைத்திருக்கும். வீட்டில் ஒரு குடம் தண்ணீர்தான் இருக்கிறது. ஊற்றினால் முழுசாக நனையுமா, அரைகுறையாக நனையுமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் முன்னறையில் தூங்குகிறார்.

எழுப்புவதற்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறாய் என்று நீ கேட்பாய். எழுப்பினால் பொட்டலத்தைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ஐயா. ஏன் நனைத்தாய் என்பார். நனைத்தது குட்டிகளுக்காக என்றால், வலை கிழிந்தது யாரால் என்பது வரும். அப்பாவுக்கு மருந்து ரூமை விட்டு வெளியே வர ஒரு கதவு திறந்தது. அதை என் கேரி பேக் மீன் மூடிவிட்டது என்று அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் என்னை அடித்ததே இல்லை. நாளையிலிருந்து என்னோடு பேசாமல் இருந்துவிடுவாரோ என்றுதான் பயப்படுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்று அந்தப் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, அவர் வேறொன்று கட்டினால்? அப்போதும் மருத மரத்து இடது பக்க வேர் என்று சொன்னது நான்தானே.

ஆனால் எழுத எழுத ஒன்று புரிகிறது. நான் அந்தக் குடும்பத்துக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அவர்கள் பக்கத்தில் போனேன். மீன் போட்டேன், பழக்கினேன், இடத்தைக் காட்டிக்கொடுத்தேன், கடைசியில் காப்பாற்றுகிறேன் என்று என் அப்பாவின் தலைக்கு மேலே நெருப்பை வைத்தேன். அம்மா மட்டும்தான் சரியாகச் செய்தாள். திட்டினாள், தள்ளிப் போனாள். உனக்குப் பிடித்தது எதுவாக இருந்தாலும், அது உன்னைப் பார்த்து ஓடிவர வேண்டும் என்று ஆசைப்படாதே. அது உன்னைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். யாராவது உன் கையில் பொட்டலத்தைக் கொடுத்துப் போட்டுவிட்டு வா என்றால், உன் தாத்தா வலையைப் பற்றிச் சொன்னாரே, பகலில் போட்டு பொழுதடைய எடுப்போம் என்று, அதைச் சொல். அவரைப் போல ஒரு தடவை சொல்லி நிறுத்திவிடாதே. இரண்டாம் தடவையும் சொல். தப்பு உன்னுடையதாக இருந்தால் முதல் நாளே சொல். ஒவ்வொரு நாள் தள்ளிப்போடும்போதும் அது உள்ளுக்குள் சூடாகிறது. நான் இப்போது எழுந்து போகப்போகிறேன். இந்த வரியை முடித்ததும் போய்விடுவேன். குறட்டைச் சத்தம் கேட்கவில்லை. எப்போது நின்றது என்று தெரியவில்லை. கட்டில் காலியாக இருந்தால்

கதவைத் தட்டுகிறார்கள். முன்பக்கம் இல்லை, பின்கதவு. அப்பா முன்வாசல் வழியாகச் சுற்றி வந்து வெளியே நிற்கிறார். "தாயி, வெளிச்சம் தெரியுது, முழிச்சுத்தான இருக்க. பயப்படாத. அந்தக் கொடத்தையும் பெரிய அண்டாவையும் எடுத்துக் குடு. முக்கிப் போடணும்," என்கிறார். குரல் மெதுவாக இருக்கிறது. தட்டிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார், கல்லுக்குப் பக்கத்திலிருந்து வருகிறது. ஐயா, நான் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன், முதல் மீனிலிருந்து, கதவைத் திறந்த உடனேயே